ஆபீஸ் சர்வருக்கு மெயில், காலண்டர், ஆன்டிவைரஸ்: ஓப்பன் சோர்ஸ்ல எதை எடுத்தோம், எதை விட்டோம்

மைக்ரோசாஃப்டோட மெயில், காலண்டர் சர்வரான எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 ரெண்டுக்கும் 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சுபோச்சு. அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் "கிளவுடுக்குப் போகாம நம்ம சர்வர்லயே ஓப்பன் சோர்ஸ் போட்டுக்கலாமா"ன்னு கேக்குற ஆபீஸ்கள் நிறைய. அப்படிக் கேட்ட ஒரு ஆபீஸ்ல நாங்க பண்ணின மாத்தம்தான் இது. ஏறக்குறைய 60 பேர், சொந்த சர்வர் ரூம், அதுல ரெண்டு பெரிய மெஷின் மேல எல்லாம் விர்ச்சுவல் மெஷினா ஓடுது, விண்டோஸ் மெஷினுக்கு ஃபைலைப் பகிர்ந்து குடுக்குற சாம்பா ஃபைல் சர்வர் ஒண்ணு, யூசர் லாகின் எல்லாம் எல்டாப்ங்கற டைரக்டரில. சர்வரைப் பாத்துக்க ஒரே ஒருத்தர், அவருக்கும் பிரிண்டர்ல பேப்பர் சிக்கினா எடுத்து விடுறதுல இருந்து எல்லா வேலையும் உண்டு. இதை முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா கீழ வர்ற முடிவுல பாதி, எந்த சாஃப்ட்வேர் உசத்தின்னு பாத்து எடுத்தது இல்ல, இந்த ஒத்த ஆளால இதைக் கட்டி மேய்க்க முடியுமான்னு பாத்து எடுத்தது.

கேட்டது மெயில், எல்லாரும் பாக்குற காலண்டர், ஆன்டிவைரஸ். இப்படிக் கேட்டதும் வழக்கமா எல்லாரும் மெயில்ல ஆரம்பிப்பாங்க, மெயிலை அனுப்பி வாங்குற சாஃப்ட்வேர் போஸ்ட்ஃபிக்ஸா எக்ஸிமான்னு உக்காந்து சண்டை போடுவாங்க, காலண்டரை அப்புறமா ஏதாவது மாட்டிக்கலாம்னு விட்டுடுவாங்க. நாங்க தலைகீழாப் போனோம். மெயில் சர்வர் எதுவா இருந்தாலும் சீட்ல உக்காந்திருக்கறவருக்கு வித்தியாசமே தெரியாது, காலண்டர் சரியில்லைன்னா மறுநாள் காலைல மீட்டிங்ல பாதிப்பேர் இருக்கமாட்டாங்க. அதனால காலண்டரை முடிவு பண்ணிட்டு அதுக்கு ஏத்த மாதிரி மெயில், கடைசியா ஆன்டிவைரஸ்.

காலண்டர்

ஓப்பன் சோர்ஸ்ல காலண்டர் சர்வர்னா எல்லாமே கால்டேவ்தான், 2007ல ஆர்எஃப்சிங்கற இன்டர்நெட் விதி ஆவணங்கள்ல 4791ஆ வந்த ஸ்டாண்டர்ட். ஆனா அது காலண்டரை சர்வர்ல வச்சு, கேக்குற ஆப்புக்கு எடுத்துக் குடுக்கும், அவ்ளோதான். ஒருத்தர் மீட்டிங் போட்டு நாலு பேரைக் கூப்பிட்டா அந்த நாலு பேர் காலண்டர்லயும் அது போய் உக்காரணும், அவங்க வர்றேன்னு அழுத்தினா போட்டவருக்குத் தெரியணும், இதெல்லாம் தனி வேலை, அதுக்கு 2012ல ஆர்எஃப்சி 6638னு வேற ஒண்ணு வந்துச்சு. "கால்டேவ் சப்போர்ட் உண்டு"ன்னு போட்டிருக்குற எல்லாமும் இந்த ரெண்டாவதைப் பண்ணாது, ஆபீஸுக்கு வேண்டியதே ரெண்டாவதுதான்.

ஃபீச்சர் பட்டியலை ஒப்பிட்டுட்டு இருக்காம எல்லாத்துக்கும் ஒரே டெஸ்ட் வச்சோம். வாரா வாரம் வர்ற மீட்டிங் ஒண்ணு போடு, அதுல ஒரு வாரத்தை மட்டும் வேற நேரத்துக்குத் தள்ளு, உள்ள ரெண்டு பேரையும் வெளி மெயில் ஐடி ஒண்ணையும் கூப்பிடு, ஒருத்தர் போன்ல இருந்து ஏத்துக்கட்டும், இன்னொருத்தர் கம்ப்யூட்டர்ல மறுக்கட்டும், கடைசில மீட்டிங் போட்டவர் ஸ்கிரீன்ல என்ன தெரியுதுன்னு பாரு. கேக்க சின்னதா இருக்கும், முக்கால்வாசி செட்டப் இந்த ஒரு வாரம் தள்ளுற இடத்துலயே மண்ணைக் கவ்விடும்.

ராடிகேல் எனக்கு ரொம்பப் பிடிச்ச சாஃப்ட்வேர். பைத்தான்ல எழுதினது, 5232 போர்ட்ல ஓடும், ஒவ்வொரு நிகழ்ச்சியும் டிஸ்க்ல ஒரு ஃபைல், எதுவும் புரியலைன்னா எடிட்டர்ல திறந்தே பாத்துக்கலாம். நாலஞ்சு பேர் ஆபீஸ்னா கண்ணை மூடிட்டு இதைப் போடுவேன். ஆனா அது ஆர்எஃப்சி 6638 பக்கம் போறதில்ல, இன்வைட் எல்லாத்தையும் ஆப்பே மெயிலா அனுப்பி எதிராளி ஆப்பே அதைப் படிச்சு வாங்கிக்கணும், 60 பேர் 60 விதமான போன் வச்சிருக்குற இடத்துல அது நடக்காது.

நெக்ஸ்ட்கிளவுட் டெஸ்ட்ல பாஸ். 2016ல ஓன்கிளவுட்ல இருந்து பிரிஞ்சு வந்தது, காலண்டருக்கு அடியில சேபர்டேவ் லைப்ரரி, இன்வைட் எல்லாம் ஒழுங்காப் போகுது. ஆனா காலண்டருக்காக ஃபைல் ஷேரிங், சாட், ஆப் ஸ்டோர்னு ஒரு முழு ஊரையே கொண்டு வந்து குடி வைக்கணும், அதுல ஒரு மேஜர் வெர்ஷனைத் தாண்டி அடுத்ததுக்குக் குதிக்கவும் முடியாது, ஒவ்வொரு படியா ஏறித்தான் ஆகணும். நம்ம ஆள் ஒரு வருஷம் அப்டேட்டை விட்டுட்டாருன்னா அப்புறம் வரிசையா ஏத்திட்டே உக்காந்திருக்கணும். ஃபைலுக்கு சாம்பா ஏற்கனவே இருக்கறதால வேண்டாம்னு விட்டோம். சாம்பா இல்லாத ஆபீஸா இருந்திருந்தா அனேகமா இதைத்தான் எடுத்திருப்போம்.

எடுத்தது சோகோ. கனடாவுல இன்வெர்ஸ்னு ஒரு கம்பெனி ரொம்ப வருஷம் வளர்த்தது, இப்ப அலிண்டோங்கற கம்பெனி பாத்துக்குது. ஆப்ஜெக்டிவ்-சில எழுதியிருக்காங்க, இந்தக் காலத்துல சர்வர் சாஃப்ட்வேருக்கு யாரும் தொடாத மொழி, அதனால உள்ள புகுந்து கோடை மாத்துற ஆசை இருந்தா இது உங்களுக்கு இல்ல. ஆனா இதுல நல்லது என்னன்னா மெயில் சர்வரை இது கொண்டு வராது, பெட்டில இருக்குற மெயிலைப் படிக்கக் குடுக்குற நம்ம ஐமேப் சர்வரையே பயன்படுத்திக்கும், யூசரை எல்டாப்ல இருந்து எடுத்துக்கும், காலண்டரை போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல வச்சுக்கும். சோகோ படுத்தாலும் மெயில் வந்துட்டேதான் இருக்கும்.

பேக்கேஜ் விஷயத்துல மட்டும் கொஞ்சம் பாத்துக்கணும். அவங்க தளத்துல இருந்து நிலையான ரிலீஸோட ரெடிமேட் பேக்கேஜ் வேணும்னா சப்போர்ட் கான்ட்ராக்ட் போடணும், சும்மா கிடைக்கறது நைட்லி பில்டு, அதாவது அன்னன்னைக்கு இருக்குற கோடை வச்சு தானா உருவாகுறது. கோடு முழுக்க ஓப்பன்தான், நீங்களே பில்டு பண்ணிக்கலாம், ஆனா ஒத்தை ஆள் ஆபீஸ்ல யார் பண்றது? டெபியன் லினக்ஸோட ரெப்போலயே சோகோ பேக்கேஜ் இருக்கறதால நாங்க அதோட நின்னுட்டோம், புது வசதி கொஞ்சம் லேட்டா வரும், வரட்டும்.

மீட்டிங் ரூம் கதை தனியாச் சொல்லணும். பேச்சுவார்த்தைல ஆபீஸ் நிர்வாகத்தைப் பாக்குற மேடம் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "சார், எனக்கு வேற எதுவும் வேண்டாம், ஒரே ரூமுக்கு ரெண்டு பேர் வந்து நிக்காம இருந்தாப் போதும்." சோகோல ரூமையும் எல்டாப்ல ஒரு யூசர் மாதிரியே போட்டு, அது ஆள் இல்ல ரிசோர்ஸ்னு குறிச்சுட்டு, ஒரே நேரத்துல எத்தனை புக்கிங் ஏத்துக்கலாம்ங்கற இடத்துல 1ன்னு போட்டா முடிஞ்சுது. ரூமையும் ஒரு ஆளைக் கூப்பிடுற மாதிரியே மீட்டிங்குக்குக் கூப்பிடணும், காலியா இருந்தா அதுவே ஏத்துக்கும், இல்லைன்னா ரெண்டாவதா போடுறவருக்கு அங்கயே மறுப்பு வந்துடும். அந்த ஆபீஸ்ல இந்த புராஜெக்ட்டுக்கு நல்ல பேர் வந்தது இந்த ஒரு நம்பரால, நாங்க மத்ததுக்குப் பட்ட பாடு எல்லாம் யாருக்கும் தெரியாது.

மொத்தமா ஒரே பொட்டலமா வர்றதையும் பாத்தோம். ஜிம்ப்ராவை ஒரு காலத்துல கண்ணை மூடிட்டு சொல்லிட்டிருந்தாங்க, ஆனா இலவசமா ரெடியா இறக்கிக்கிற மாதிரி வந்தது 8.8.15ஓட நின்னுபோச்சு, அந்த வெர்ஷனுக்கும் 2023 கடைசியோட ஆயுசு முடிஞ்சுது. மெயில்கவ் நல்ல பொட்டலம், டாக்கர்ல (ஒவ்வொரு சாஃப்ட்வேரையும் தனித்தனி டப்பால ஓட்டுற முறை) போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட், ஸ்பாம் வடிகட்டுற ஆர்ஸ்பாம்டி, ஆன்டிவைரஸ் கிளாம்ஏவி, சோகோ எல்லாத்தையும் சேர்த்தே கட்டிக் குடுக்கறாங்க, நாங்க கையால கட்டினதும் கிட்டத்தட்ட இதே லிஸ்ட்தான். டாக்கர் தெரிஞ்ச ஆள் இருந்தா அதையே போடுங்க, நான் தடுக்கமாட்டேன். இங்க இருந்தவருக்கு டெபியனும் லாக் ஃபைலும் தெரியும், டாக்கர் தெரியாது, ராத்திரி ஏதாவது நின்னா எங்க பாக்கணும்னு அவருக்குத் தெரியணும்ல.

மெயில்

இதுல பேச அதிகம் இல்ல. அனுப்பி வாங்க போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டியில வச்சுக் குடுக்க டவ்காட். போஸ்ட்ஃபிக்ஸ் 1998ல ஐபிஎம்ல வீட்சே வெனெமா எழுதினது, வேலையைச் சின்னச் சின்ன புரோகிராமாப் பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் வேண்டிய அளவு மட்டும் அனுமதி குடுத்து வச்சிருப்பார், அந்த அமைப்பு இன்னைக்கும் அப்படியே நிக்குது. டவ்காட்ல மெயில்டிர் வச்சோம், ஒரு மெயில் ஒரு ஃபைல், பேக்கப்ல புதுசா வந்தது மட்டும் போகும், ஒருத்தர் ஒரே ஒரு மெயிலைத் தொலைச்சாலும் அதை மட்டும் எடுத்து வைக்கலாம். எம்பாக்ஸ்னா ஒரு ஃபோல்டர் முழுக்க ஒரே ஃபைல், ஒரு மெயில் வந்தாலும் ஃபைல் முழுசா மாறின மாதிரி ஆயிடும்.

பழைய பெட்டியை எல்லாம் ஐமேப்சின்க் வச்சு இழுத்தோம், அதைத் திரும்பத் திரும்ப ஓட்டினாலும் விட்டுப்போனதை மட்டும்தான் கொண்டு வரும், அதனால மாத்துற நாளுக்கு முன்னாடியே பெரும்பகுதி வந்து சேந்துடுச்சு. மெயில் எந்த சர்வருக்குப் போகணும்னு டிஎன்எஸ்ல சொல்றது எம்எக்ஸ் ரெக்கார்ட், அதோட டிடிஎல்லை, அதாவது பழைய பதிலை மத்தவங்க எவ்வளவு நேரம் வச்சுக்கலாம்ங்கறதை, முன்கூட்டியே குறைச்சு வைங்க. மெயில் நம்மகிட்ட இருந்துதான் வருதுன்னு காட்டுற எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க், ஐபிக்குப் பேர் திரும்பக் கிடைக்கிற பிடிஆர், இது எல்லாத்தையும் போட்டுடுங்க, 2024 பிப்ரவரில இருந்து ஜிமெயிலும் யாஹூவும் பிடிஆரையும், எஸ்பிஎஃப், டிகிம்ல ஒண்ணையாவதும் எல்லார்கிட்டயும் கண்டிப்பாக் கேக்குறாங்க, மொத்தமா நிறைய அனுப்புறவங்ககிட்ட டிமார்க்கோட சேத்து எல்லாத்தையும் கேக்குறாங்க. எஸ்பிஎஃப்ல டிஎன்எஸ் தேடல் 10ஐத் தாண்டினா ரெக்கார்டே செல்லாது, நியூஸ்லெட்டர் சர்வீஸ், எச்ஆர் சாஃப்ட்வேர்னு ஆளாளுக்கு இன்க்ளூட் சேத்துட்டே போன ஆபீஸ்ல இதை முதல்ல எண்ணிப் பாருங்க.

ஆன்டிவைரஸ்

ஓப்பன் சோர்ஸ்ல ஆன்டிவைரஸ் எஞ்சின்னு சொன்னா நடைமுறைல கிளாம்ஏவி ஒண்ணுதான். டோமாஸ் கோய்ம் ஆரம்பிச்சது, 2007ல சோர்ஸ்ஃபயர் வாங்குச்சு, 2013ல சோர்ஸ்ஃபயரையே சிஸ்கோ வாங்குச்சு, இப்ப சிஸ்கோவோட டாலோஸ் டீம் பாத்துக்குது. தேர்வு செய்ய வேலையே இல்லைன்னு தோணும். வேலை இருக்கறது அதை எங்க வைக்கிறது, அது படுத்தா மெயிலுக்கு என்ன ஆகணும்ங்கறதுலதான்.

முதல்ல ரேம். வைரஸ் அடையாளங்கள் எல்லாத்தையும் கிளாம்டி, அதாவது கிளாம்ஏவில எப்பவும் பின்னணியில ஓடிட்டு ஸ்கேன் பண்ற புரோகிராம், மெமரிலயே வச்சுக்கும், சும்மா நிக்கும்போதே ஒரு ஜிபிக்கு மேல. புது டேட்டாபேஸ் வந்தா பழசை வச்சுட்டே புதுசை ஏத்தும், ஸ்கேன் நிக்கக்கூடாதுன்னு 0.103 வெர்ஷன்ல கொண்டு வந்த நல்ல வசதிதான், ஆனா அந்த நேரத்துல மெமரி ரெண்டு மடங்கு. 4 ஜிபி மெஷின்ல மெயில், சோகோ, டேட்டாபேஸ், கிளாம்டி எல்லாம் ஒண்ணா வச்சு சோதனை ஓட்டும்போது என்ன நடந்துச்சுன்னா, பகல்ல ஒழுங்கா ஓடும், அடையாளம் அப்டேட் ஆகுற நேரத்துல ரேம் பத்தாம கெர்னல் யாரையாவது கொல்லணும்னு தேடும், இருக்கறதுலயே பெருசு கிளாம்டிதான், அதைப் போட்டுத் தள்ளிடும். இரட்டை ஏத்தத்தை கான்ஃபிக்ல நிறுத்தலாம், ஆனா ஏத்துற நேரம் முழுக்க ஸ்கேன் காத்திருக்கும். நாங்க கிளாம்டியை 4 ஜிபி குடுத்துத் தனி மெஷினுக்கே தள்ளிட்டோம்.

தனி மெஷின் வச்சதுக்கு ரேம் மட்டும் காரணம் இல்ல. ஸ்கேனர்தான் வெளில இருந்து வர்ற குப்பையை எல்லாம் பிரிச்சுப் பாக்குற ஆள், அதுல ஓட்டை இருந்தா ஒரு மெயில் போதும். 2022ல ஜிம்ப்ராவுல நடந்தது இதுதான், அந்த ஓட்டையோட பதிவு எண் சிவிஇ-2022-41352. மெயில்ல வர்ற ஆர்க்கைவை வைரஸ் இருக்கான்னு பாக்க, மெயில் சர்வரையும் ஸ்கேனரையும் இணைக்கிற அமாவிஸ் பிரிக்கும், பேக்ஸ் புரோகிராம் இல்லாத மெஷின்ல அதுக்கு சிபிஐஓவைக் கூப்பிடும், அந்த சிபிஐஓல இருந்த ஓட்டை வழியா ஆர்க்கைவுக்குள்ள இருக்குற ஃபைல் வெப் ஃபோல்டர்லயே போய் உக்காந்துடும். யாரும் மெயிலைத் திறக்கவே வேண்டாம். பேக்ஸ் இன்ஸ்டால் பண்ணி ரீஸ்டார்ட் பண்றதுதான் அப்போதைக்குச் சொன்ன வைத்தியம். கிளாம்ஏவிலயும் 2023 பிப்ரவரில எச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க் இமேஜைப் படிக்கிற இடத்துல ஓட்டை வந்துச்சு, சிவிஇ-2023-20032, தீவிர மதிப்பெண் 9.8. அதனால ஸ்கேனர் மெஷின்ல மெயிலும் இல்ல, பாஸ்வேர்டும் இல்ல, அடையாளம் இறக்குற இடத்தைத் தவிர வெளில எங்கயும் போக வழியும் இல்ல. தனியா வச்சா டிசிபி 3310 போர்ட் திறக்கணும், அதுக்கு பாஸ்வேர்டும் கிடையாது, என்கிரிப்ஷனும் கிடையாது, எட்டுற யார் வேணா அணைச்சுடுன்னு கட்டளை அனுப்பலாம், மெயில் சர்வர், ஃபைல் சர்வர் ரெண்டு ஐபியை மட்டும் விட்டுட்டு ஃபயர்வால்ல அடைச்சுட்டோம்.

மெயில் சர்வருக்கும் ஸ்கேனருக்கும் நடுவுல ஆர்ஸ்பாம்டி. அமாவிஸை போஸ்ட்ஃபிக்ஸோட சேக்குற பழைய வழக்கம், மெயிலை வாங்கிக் கியூல வச்சப்புறம் ஸ்கேன் பண்றது. அப்ப வைரஸ்னு தெரிஞ்சா ஒண்ணு சத்தமில்லாம அழிக்கணும், இல்லைன்னா திருப்பி அனுப்பணும், அனுப்பினவர் ஐடி போலின்னா சம்பந்தமே இல்லாத ஒருத்தர் பெட்டியில நம்ம குப்பை போய் விழும். ஆர்ஸ்பாம்டி மில்டரா, அதாவது மெயிலை வாங்கும்போதே போஸ்ட்ஃபிக்ஸ் கேக்குற வடிகட்டியா உக்காந்துக்கும், எதிர் சர்வர் லைன்ல இருக்கும்போதே வேண்டாம்னு சொல்லிடும். ஸ்பாம், டிகிம் கையெழுத்து, வைரஸ் எல்லாம் ஒரே இடத்துல, நாளைக்குக் காசு குடுத்து வேற எஞ்சின் வாங்கினாலும் சோஃபோஸ், காஸ்பர்ஸ்கி மாதிரி சிலதை அதே இடத்துல சேத்துக்கலாம்.

இதுல ஒரு சோதனையை எல்லாரும் பண்ணிப் பாக்கணும். ஐகார்னு 68 பைட்ல ஒரு டெஸ்ட் ஃபைல் இருக்கு, வைரஸ் இல்ல, ஆனா எல்லா ஆன்டிவைரஸும் அதை வைரஸ்னு பிடிக்கும். அதை வெளி ஐடில இருந்து அனுப்பினோம், ஆர்ஸ்பாம்டி மறுத்துச்சு, சரி. அடுத்து கிளாம்டியை வேணும்னே நிறுத்திட்டு அதே மெயிலை அனுப்பினோம். நேரா இன்பாக்ஸ்ல வந்து விழுந்துச்சு! லாக்ல பாத்தா கிளாம் வைரஸ் ஃபெயில்னு ஒரு சிம்பல் (ஆர்ஸ்பாம்டி மெயிலுக்குப் போடுற குறி) மட்டும் ஏறியிருக்கு, ஸ்கோர் எதுவும் இல்ல. இது பக் இல்ல, வழக்கமான செட்டிங்கே அப்படித்தான், ஸ்கேனர் எட்டலைன்னா மெயிலைத் தடுக்காது. அந்த சிம்பல் வந்தா சாஃப்ட் ரிஜெக்ட்னு (இப்ப வேண்டாம், அப்புறம் வான்னு) ஒரு ஃபோர்ஸ் ஆக்ஷன் விதி எழுதினதும் சரியாச்சு, எதிர் சர்வர் மெயிலைக் கையில வச்சுட்டுக் கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்பத் தட்டும், கிளாம்டி எழுந்ததும் உள்ள வரும். மெயில் லேட்டாகுறது பரவால்லயா, ஸ்கேன் ஆகாம வர்றது பரவால்லயான்னு முடிவு பண்ண வேண்டியது ஆபீஸ் தலைமை, நாங்க கேட்டோம், லேட்டானாப் பரவால்லைன்னாங்க.

வைரஸ் அடையாளத்தை இறக்குற ஃப்ரெஷ்கிளாமை நாலஞ்சு மெஷின்ல தனித்தனியா ஓட்டாதீங்க, வெளில எல்லாம் ஒரே ஐபியாத்தான் தெரியும், அதிகமாக் கேட்டா 429னு சொல்லி கொஞ்ச காலத்துக்கு நிறுத்திடுவாங்க. நிறைய மெஷின் இருந்தா சிவிடிஅப்டேட்னு அவங்களே குடுக்குற டூல் வச்சு உள்ளுக்குள்ள ஒரு மிரர் போட்டுக்கலாம்.

நேத்து ராத்திரி கிளம்பின புது மால்வேரை கிளாம்ஏவி பிடிக்கும்னு நம்பிட்டு உக்காராதீங்க. எங்க அனுபவத்துல அதைவிட அதிகமாத் தடுத்தது ஆர்ஸ்பாம்டில ஃபைல் வகையைப் பாத்து மறுக்குற விதி: ஜிப்புக்குள்ள இருக்குற எக்ஸிகியூட்டபிள், ஸ்கிரிப்ட், இதெல்லாம் ஒரு கணக்குப் பிரிவுக்கு ஏன் வரணும்? பாஸ்வேர்ட் போட்ட ஜிப்பை ஸ்கேனரால பாக்கவே முடியாது, அதை மறுக்காம தலைப்புல எச்சரிக்கை மட்டும் சேக்குறோம், ஏன்னா சம்பள ஃபைல் எல்லாம் அப்படித்தான் வருது. ஃபைல் சர்வர்ல ராத்திரி அன்னைக்கு மாறின ஃபைலை மட்டும் கிளாம்டிக்கு அனுப்பி ஸ்கேன் பண்றோம், சாம்பாவுல திறக்கும்போதே ஸ்கேன் பண்ற மாட்யூலும் இருக்கு, பெரிய ஃபைல் திறக்க இழுக்கும்னு போடல. விண்டோஸ் டெஸ்க்டாப்ல இருக்குற டிஃபென்டரை எடுக்கவே இல்ல, கிளாம்ஏவியை விண்டோஸுக்குக் கொண்டு வந்த கிளாம்வின்ல ஓடும்போதே காவல் காக்குற வசதி கிடையாது.

ஓட ஆரம்பிச்சதுக்கு அப்புறம்

முதல்ல வந்த புகார், பேங்க்ல இருந்து வர்ற மெயில் காணோம். பாத்தா கிளாம்ஏவியோட ஃபிஷிங் ஹியூரிஸ்டிக், லிங்க்ல காட்டுற டொமைன் ஒண்ணு, போற டொமைன் வேறன்னா போலின்னு சொல்லிடும், மார்க்கெட்டிங் மெயில் எல்லாமே கிளிக்கை எண்றதுக்காக அப்படித்தான் இருக்கும். அந்த ஹியூரிஸ்டிக் பேரை மட்டும் ஆர்ஸ்பாம்டில தனி சிம்பலாப் பிரிச்சு, மறுக்காம கொஞ்சம் ஸ்கோர் மட்டும் ஏத்துற மாதிரி வச்சோம்.

அடுத்தது ஐபோன். அதோட மெயில் ஆப் ஐமேப்ல உடனே மெயிலைக் காட்டாது, சீக்கிரம்னா 15 நிமிஷத்துக்கு ஒருதரம் போய்ப் பாக்கும். மேனேஜர்கள் ஒத்துக்கல. சோகோல ஆக்டிவ்சின்க்ங்கற மைக்ரோசாஃப்டோட போன் இணைப்பு முறை இருக்கு, போட்டா உடனே வரும், ஆனா ஒவ்வொரு போனும் ஒரு வொர்க்கர் பிராசஸைப் பிடிச்சு வச்சுட்டே நிக்கும், போன் எண்ணிக்கைக்கு ஏத்த மாதிரி வொர்க்கர் ஏத்தலைன்னா வெப்மெயில் திறக்கறவங்களும் சேந்து காத்திருக்கணும். அதனால கேட்ட சில பேருக்கு மட்டும் ஆக்டிவ்சின்க், மத்த ஐபோன்ல ஐமேப்பும் கால்டேவும், ஆண்ட்ராய்டுல கால்டேவுக்கு டேவ்எக்ஸ்5 ஆப்.

அவுட்லுக்தான் கடைசி வரைக்கும் இழுத்துச்சு. அதுல கால்டேவ் கிடையாது, பழைய அவுட்லுக்குக்கு கால்டேவ் சின்க்ரனைசர்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் பிளக்இன் இருக்கு, புது அவுட்லுக் அந்த மாதிரி பழைய பிளக்இன் எதையும் ஏத்துக்காது. பெரும்பாலானவங்க தண்டர்பேர்டுக்கு மாறிட்டாங்க, கணக்குப் பிரிவு மட்டும் பழைய அவுட்லுக்கும் பிளக்இன்னுமா இருக்காங்க, எவ்வளவு நாளைக்குன்னா அந்த பழைய அவுட்லுக் இருக்குற வரைக்கும்.

பேக்கப்புக்கு மெயில்டிர் ராத்திரி ரெஸ்டிக்ங்கற பேக்கப் டூல்ல போகுது, காலண்டர் டேட்டாபேஸ்ல இருக்கறதால அதுக்குத் தனி டம்ப், அதோட சோகோடூல் வச்சு யூசர்வாரியா ஒரு காப்பி. யாராவது தன் காலண்டரைத் துடைச்சுட்டா டேட்டாபேஸ் முழுசையும் பின்னாடி கொண்டு போகாம அவரோடதை மட்டும் திருப்பி வைக்கலாம். டவ்காட்ல ரெண்டு சர்வர் ஒண்ணை ஒண்ணு காப்பி பண்ற ரெப்ளிகேஷன் கேட்டாங்க, 2.4ல அதையே எடுத்துட்டாங்கன்னு சொல்லிப் போடல. இப்ப டெபியன் 12ல டவ்காட் 2.3 ஓடுது, 13ல வர்றது 2.4, பழைய கான்ஃபிக் அதுல அப்படியே ஓடாது, வெர்ஷனையே முதல் வரில எழுதச் சொல்லும், பெட்டி இருக்குற இடம், பாஸ்வேர்ட் பாக்குற பகுதி எல்லாத்தையும் புதுசா எழுதணும். அதை ஒரு காப்பி மெஷின்ல எழுதி வச்சு, நம்ம அட்மினோட சேந்து பழைய ஃபைலையும் புது ஃபைலையும் பக்கத்துல வச்சு வரி வரியாப் பாத்துட்டிருக்கோம், அது முடிஞ்சப்புறம்தான் 13க்கு ஏத்துறது.